பாற்புட்டியின் வரலாறும் ஒரு தாயின் தொழிலும்

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில், எட்டாம் ஹென்றி மன்னனின் மனைவியர் அறுவர் பெயரையும், அவருள் எவர் தலையிழந்தார், எவர் தள்ளிவைக்கப்பட்டார் என்பதையும் வரிசை பிறழாமல் நாம் ஒப்புவித்ததுண்டு. அதே நாட்டில், விக்டோரியா மகாராணியார் ஆண்ட காலத்தில், பால் குடிக்கும் புட்டி ஒன்று பச்சிளங் குழவிகள் பலவற்றிற்கு எமனாய் அமைந்த செய்தியை எந்த ஆசிரியரும் நமக்குச் சொன்னாரில்லை. அரசரைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. குழந்தை வாயில் வைக்கும் பாத்திரத்தைப் பற்றி எழுத முன்வருவோர் மிகச் சிலரே. அக்குறையைச் சிறிது நீக்க ஈண்டு முயல்கிறோம்.

தாய்ப்பால் கிட்டாத குழந்தை எக்காலத்தும் இருந்தே வந்திருக்கிறது. பேற்றில் தாய் மாண்டிருப்பாள். அல்லது பால் சுரவாதிருக்கும். அல்லது குழந்தைக்கே உறிஞ்ச வலிவிராது. அத்தகைய மதலைக்கு நம் தமிழ் மூதாட்டியர் கையாண்டது சங்கு. பித்தளையிலோ வெள்ளியிலோ செய்து, ஒருபுறம் மூக்கு நீண்டு, பாலாடை என்றும் பெயர் பெற்ற அச்சிறு கலத்தை நம்மவர் நன்கறிவர். பிற நாட்டாரும் இதற்கொத்த கலங்களை வைத்திருந்தனர். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில், 2,400 ஆண்டுகட்கும் முற்பட்ட குழந்தைப் புதைகுழிகளில் மூக்குவைத்த சிறு மட்கலங்கள் கிடைத்தன. 2019-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அவற்றின் உட்புறத்தைச் சோதித்தபோது, அசைபோடும் விலங்குகளின் பாற்கொழுப்பு அங்கே ஊறியிருக்கக் கண்டனர்.

நம் சங்கிற்கு ஒரு சிறப்புண்டு. அது திறந்த கலம். உள்ளே அழுக்கிருந்தால் கண்ணுக்குத் தெரியும். விரல் விட்டுத் தேய்க்கலாம். கொதிநீரில் முழுதும் அமிழ்த்தலாம். இதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஒரு புதுமை விற்பனைக்கு வந்தது. தட்டையான கண்ணாடிப் புட்டி. அதன் வாயிலிருந்து ஒரு நீண்ட ரப்பர்க் குழாய். குழாயின் நுனியில் ரப்பர்க் காம்பு. படுத்த குழந்தையின் அருகே புட்டியை வைத்துவிட்டால், எவரும் பிடிக்க வேண்டாமல் அதுவே குடித்துக்கொள்ளும். ஆலைக்கு வேலைக்குப் போகும் ஏழைத் தாய்க்கும், வேலைக்காரியிடம் பிள்ளையை விட்டுச் செல்லும் சீமாட்டிக்கும் இது வசதியாயிருந்தது. இளவரசியின் பேரால் 'அலெக்ஸாண்டிரா' என்றும், 'அம்மாவின் செல்லம்' எனப் பொருள்படும் சொல்லாலும் வியாபாரிகள் இவற்றிற்குப் பெயரிட்டு விற்றனர். பெயரிடுவதில் வியாபாரிக்கு என்றும் கஞ்சத்தனம் இருந்ததில்லை.

அக்குழாயின் உட்புறத்தை எவராலும் தேய்த்துக் கழுவ இயலாது. அங்கே தங்கிய பால் புளித்தது; கிருமிகள் பெருகின; அடுத்த வேளைப் பாலோடு குழந்தையின் வயிற்றுட் சென்றன. கிருமிகளே நோய்க்கு வித்து என்பது அக்காலத்தில் மருத்துவருக்கே தெளிவாகவில்லை. 1861-ல் திருமதி பீட்டன் என்னும் அம்மையார் வெளியிட்டு, வீடுதோறும் இடம்பெற்ற குடும்ப நிர்வாக நூலில், புட்டியின் காம்பை ஒருமுறை கட்டிவிட்டால் புதியது மாற்றும் வரையில் கழற்ற வேண்டுவதில்லை என்னும் கருத்தில் எழுதியுள்ளார். அவ்வம்மையாரின் மூத்த குழந்தைகள் இருவரும் இளமையிலேயே இறந்தனர்; தாமும் 1865-ல், 28-ம் வயதில், பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் இறந்தார். அம்மரணங்களுக்கும் புட்டிக்கும் தொடர்பு கற்பிக்க நாம் துணியோம். ஆயின், பிள்ளை பெற்றவர் எழுதிய அறிவுரையும் பிழைபடக்கூடிய காலமாக அது இருந்தது என்பது மட்டும் தெளிவு.

பிற்பாடு மருத்துவர்கள் உண்மையை உணர்ந்து, அதனைக் 'கொலைப் புட்டி' என்றே அழைத்தனர். எனினும் விற்பனை நிற்கவில்லை. அமெரிக்காவில் பஃபலோ நகரம் 1897-ல் நீண்ட குழாய்ப் புட்டியைத் தடைசெய்தது. பிரான்சு தேசம் 1910-ல் சட்டம் இயற்றித் தடுத்தது. வியாபாரம் தானாகத் திருந்தியதாக நாம் படித்த அளவில் எங்கும் காணோம்.

ரப்பர்க் காம்பைக் குறித்து ஒரு சொல். 1845-ல் நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் என்பவர் ரப்பர்க் காம்புக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளில் ரப்பர் தென்னமெரிக்கக் காட்டு மரங்களிலிருந்து வந்தது. 1877-ல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின் நடந்தது நம் தந்தையரும் பாட்டன்மாரும் வியர்வை சிந்திய வரலாறு. அம்மரத்திற்கு நம்மவர் பால்மரம் என்றே பெயரிட்டனர். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்த பெண், தன் மார்பிற் சுரந்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்க வழியின்றி, அதனை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். பசித்த பிள்ளைக்கு வாய்த்தது டின் பால்.

இவ்விடத்தில் ஒரு மாதரசியின் பெயரைச் சொல்லாமற் கடந்து செல்வது தகாது. ஜமைக்காவிற் பிறந்து, ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில் குழந்தை நோய்களை ஆராய்ந்து, பின்னர் மலாயாவுக்கு வந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் ஒரு சொற்பொழிவாற்றினார். அதன் தலைப்பு 'பாலும் கொலையும்'. சர்க்கரை சேர்த்துச் சுண்டிய டின் பாலைப் பச்சிளங் குழந்தைகளுக்கு உகந்ததென்று விளம்பரம் செய்து விற்றனர். தாதி உடையணிந்த பெண்களை வீடுவீடாக அனுப்பித் தாய்மாரின் மனத்தைக் கலைத்தனர். அதனால் மடிந்த சிசுக்களின் சாவைக் கொலையென்றே கொள்ளவேண்டும் என அந்த அம்மையார், அந்நகரத்துப் பெரிய மனிதர் முன்னிலையிலேயே சொன்னார். ஜப்பானியர் காலத்தில் அவர் சாங்கியிற் சிறைப்பட்டு உயிர்தப்பினார். 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவுக்குத் தலைவரானார். தாய்ப்பாலுக்குப் பதிலான பொருள்களை விற்பதற்கு வரம்பு கட்டும் சர்வதேச நெறி 1981-ல்தான் ஏற்பட்டது. இடையே 42 ஆண்டுகள் கழிந்தன.

நிற்க. விற்பவர் ஒருவராகவும் ஊட்டுபவர் மற்றொருவராகவும் இருந்ததே இக்கேடுகளுக்கெல்லாம் பெரியதொரு காரணம் என்பது நமது கருத்து. புட்டி செய்தவன் அதை நள்ளிரவிற் கழுவியதில்லை. ஊட்டுபவரே செய்பவராகவும் ஆனால் என்ன நிகழும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், ஃபிரெமான்ட் என்னும் சிற்றூரில், 1927-ல் திருமதி டாரதி கெர்பர் தம் குழந்தைக்காகக் காய்கறிகளை வேகவைத்துச் சல்லடையில் மசித்துச் சலித்தார். இவ்வேலையை ஆலையிலேயே செய்யலாகாதா என்று கணவரைக் கேட்டார். 1928-ல் அப்பண்டம் கடைக்கு வந்தது. ஆனால், அவர் கணவர் குடும்பத்துக்குக் காய்கனிகளை டின்னில் அடைக்கும் ஆலை முன்னரே இருந்தது. கேட்டால் கொடுக்கும் நிலையில் வீட்டுக்காரர் இருந்தார். ஆலையில்லாத வீட்டில் ஒரு தாய் என்ன செய்வாள் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

அச்சான்று இங்கிலாந்திற் கிடைக்கிறது. திருமதி மாண்டி ஹேபர்மன் சித்திர அமைப்புக் கலை பயின்றவர், மருத்துவரல்லர், எஞ்சினியருமல்லர். 1980-ல் அவருக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு மேலண்ணம் பிளந்திருந்தது. ஸ்டிக்லர் என்னும் பெயரால் வழங்கும் பிறவிக் கோளாறு அதற்குக் காரணம். அண்ணம் பிளந்த குழந்தைக்குப் பசியுண்டு, உதடுண்டு, நாவுண்டு. உறிஞ்சும் ஆற்றல் மட்டும் இல்லை. உறிஞ்சுவதாவது வாயை மூடி உள்ளே காற்றைக் குறைத்தல். மேலே பிளவு இருந்தால் மூக்கு வழியே காற்று நுழைந்துவிடும். எத்துணை முயன்றாலும் பால் வாராது. முயன்று முயன்று களைத்துக் குழந்தை உறங்கிவிடும். மருத்துவமனையில் மூக்கு வழியே குழாய் செருகிப் பாலூட்டினர்.

குழாயின்றி ஊட்டத்தக்க நல்ல கருவி உண்டா என அத்தாய் தேடினார். இருந்தவை, வேகமாய்ப் பாலைக் கொட்டிக் குழந்தையைத் திணறச் செய்வன, அல்லது ஒன்றுமே தராதன. தம்மைப்போல் எத்தனை தாய்மார் அல்லற்படுகின்றனர் என்பதை விசாரித்து, தாமே ஒன்றைச் செய்யத் துணிந்தார். சமையலறையில் தொடங்கிய அம்முயற்சிக்கு ஆண்டுகள் பல சென்றன. நிதி வேண்டி அறநிலையங்களுக்கும் பிற நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதினார். 1980-களின் இடையில் அக்கருவி உருப்பெற்றது. அதனை அஞ்சல் வழியாக, தம் வீட்டிலிருந்தே விற்றார். ஹேபர்மன் ஊட்டி என்று அதற்குப் பெயர்.

அதன் வேலைப்பாட்டைச் சற்று விளக்குவோம். புட்டிக்கும் காம்புக்கும் இடையே ஒருவழி அடைப்பு, அஃதாவது வால்வு, ஒன்று உண்டு. பால் புட்டியிலிருந்து காம்புக்குள் வரும், திரும்பிப் போகாது. காம்பின் நுனியில் துளையன்று, ஒரு பிளவு. ஈறுகளால் மெல்ல அழுத்தினாலே போதும், பால் வரும், உறிஞ்ச வேண்டுவதில்லை. விட்டால் நின்றுவிடும். காம்பின் மேல் நீளத்தில் வேறுபட்ட மூன்று கோடுகள் உள்ளன. எந்தக் கோட்டைக் குழந்தையின் மூக்கிற்கு நேரே திருப்புகிறோமோ அதற்கேற்பப் பால் மெதுவாகவோ விரைவாகவோ வரும். குழந்தைக்கு வலுவில்லையெனில் தாய் தன் விரலாற் காம்பை மெல்ல அழுத்தி உதவலாம். மடியில் வைத்து, வாய் அசைவைப் பார்த்துப் பாலூட்டிய ஒருவருக்கன்றிப் பிறர்க்கு இது தோன்றியிராது என நம்புகிறோம். பின்னர் மெடெலா என்னும் சுவிட்சர்லாந்துக் கம்பெனி உரிமை பெற்று அதனைப் பல நாடுகளுக்கும் அனுப்பியது.

இக்கருவியால் அவர் செல்வந்தராகிவிடவில்லை. அண்ணப் பிளவுள்ள குழந்தைகள் சிலரே. வியாபாரி விரும்புவது பலரை. 1990-ல், ஒரு நண்பர் வீட்டில் சிறு குழந்தையின் கிண்ணத்திலிருந்து பழச்சாறு விரிப்பில் சிந்த இருந்ததைக் கண்டபோது அவருக்கு அடுத்த எண்ணம் பிறந்தது. மூடியின் குழலுக்குள் பிளவுள்ள மெல்லிய சவ்வு ஒன்றை வைத்தார். குழந்தை உறிஞ்சினால் சவ்வு திறக்கும், நிறுத்தினால் மூடும். கிண்ணத்தைத் தலைகீழாக்கினும் ஒரு துளி சிந்தாது. இத்தொழிலிற் புகழ்பெற்ற பல கம்பெனிகளுக்கு அதனைக் காட்டினார். எவரும் ஏற்றாரில்லை. பின்னர் வேல்ஸ் நாட்டுச் சிறு வியாபார நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 1996-ல் தாமே விற்பனையில் இறங்கினார். டெஸ்கோ என்னும் பெருங்கடையின் கொள்முதல் அதிகாரிக்கு, கிண்ணத்திற் சாற்றை நிரப்பி, வேறு காப்பேதுமின்றி ஒரு வெள்ளைப் பெட்டியிலிட்டு அனுப்பினார் என்பது பலரும் அறிந்த கதை. பெட்டி கறைபடாமற் போய்ச் சேர்ந்தது. கடையிலிருந்து அழைப்பும் வந்தது. ஆயிரம் சொல்லால் ஆகாததை ஒரு வெள்ளைப் பெட்டி செய்தது.

விற்பனை பெருகியதும் ஒத்த கிண்ணம் ஒன்றைப் பெரிய கம்பெனி ஒன்று கடைக்குக் கொணர்ந்தது. திருமதி ஹேபர்மன் வழக்குத் தொடுத்தார். தோற்றவர் வென்றவரின் செலவையும் சுமப்பதே இங்கிலாந்தின் பொது வழக்கம். காப்புரிமை வழக்கின் செலவோ ஒரு குடும்பத்தைத் தரைமட்டமாக்க வல்லது. பிளவுச் சவ்வு முன்னரே உலகறிந்த பொருள், கிண்ணமும் அறிந்த பொருள், இரண்டையும் சேர்ப்பது எவருக்கும் தோன்றக்கூடியதே என்று எதிர்த்தரப்பார் வாதித்தனர். 1999-ல் தீர்ப்புக் கூறிய நீதிபதி லாடி அதனை ஏற்கவில்லை. சிறிய படிதான், எளிய படிதான். ஆயின் இத்தொழிலில் இருந்தோர் எவரும் பல ஆண்டுகளாக அப்படியை எடுத்து வைக்கவில்லையே, சந்தையோ கிண்ணம் வந்தவுடனே அதனை அள்ளிக்கொண்டதே என்பது அவர் கொண்ட நோக்கு. காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வீட்டுப் பெண்டிர் கண்டுபிடிப்பதை, இது யாருக்குத்தான் தெரியாது என்று தள்ளும் வழக்கம் நம்மிடையேயும் இல்லாமலில்லை. அவ்வாறு சொல்வோர் இத்தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அதற்குப் பின்னும் புட்டியைப் பற்றிய அச்சம் ஒழிந்தபாடில்லை. கெட்டியான பிளாஸ்டிக் புட்டிகளில் கலந்திருந்த பிஸ்பினால் ஏ என்னும் இரசாயனம், சூடான பாலில் சிறிது கசிவதாகக் கண்டனர். ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் பாற்புட்டியில் அதனைத் தடுத்தது. மலேசியாவில் 2012 மார்ச்சு முதல் தடை நடைமுறைக்கு வந்தது. கொலைப் புட்டியைப் போலவே இங்கும் சட்டம் வந்தபின்தான் சரக்கு முற்றும் மாறியது.

காப்புரிமை ஒன்றிற்கு ஆயுள் 20 ஆண்டு. சிந்தாக் கிண்ணத்தின் உரிமைக்காலம் கடந்துவிட்டது. இன்று அம்முறையை எவரும் கையாளலாம். அதனை வாங்கும் தாய்மார்க்கு ஒன்று சொல்வோம். சிந்தாமற் காக்கும் அந்தச் சவ்வும் ஒரு மறைவிடமே. ஒவ்வொரு முறையும் அதனைக் கழற்றி எடுத்துச் சோப்பும் சுடுநீரும் இட்டுக் கழுவி, உலர்த்தி மாட்டுதல் வேண்டும். கழற்ற முடியாதபடி ஒட்டிச் செய்த கிண்ணமெனில் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுக. அண்ணம் பிளந்த குழந்தைக்கு ஹேபர்மன் ஊட்டி கிடைக்கும் வரையில் என்செய்வது என்று கேட்போர், நம் பாட்டிமாரின் பாலாடையைக் கொண்டு ஊட்டும் முறையை மருத்துவமனைத் தாதியரிடம் கேட்டு அறியலாம். இந்திய மருத்துவமனைகளில் எடை குறைந்து பிறந்த சிசுக்களுக்கு இன்றும் அதனாலேயே பாலூட்டுகின்றனர்.