தாது வருடப் பஞ்சமும் ‘பயப்படாதே’ என்னும் கட்டளையும்

திருமறையில் ‘பயப்படாதே’ என்னும் கட்டளை பெரும்பாலும் அச்சத்திற்குத் தக்க காரணம் உடையவர்களுக்கே கூறப்பட்டிருக்கிறது. துருத்தியில் தண்ணீர் தீர்ந்த ஆகாரும், கடலுக்கும் பார்வோனின் சேனைக்கும் இடையே நின்ற இஸ்ரவேலரும், கடைசிப் பிடி மாவைப் பானையில் வைத்திருந்த சாறிபாத் விதவையும் அதனைக் கேட்டனர். ஆதலால், இக்கட்டளையின் பொருளை நாம் அறிய விரும்பினால், துன்பத்தின் வரலாற்றோடு சேர்த்து அதனை ஆராய்வது தகும். தருமபுரி மாவட்டத்தில் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அதுவே 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம். தாது ஆண்டில் தொடங்கி ஈசுவர ஆண்டிலும் நீடித்த அதனை மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்றே வழங்கினர்.

அக்காலத்தில் தருமபுரி, சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வட்டமாக இருந்தது. 1965ஆம் ஆண்டிலேதான் தனி மாவட்டமாயிற்று. கேழ்வரகு, சோளம், சாமை ஆகிய புன்செய்ப் பயிர்கள் மழையையே நம்பி விளையும் மேட்டு நிலம் அது. 1876இல் பருவமழைகள் பொய்த்தன. 1871ஆம் ஆண்டின் குடிமதிப்பில் 19,66,995ஆக இருந்த சேலம் மாவட்டத்து மக்கள்தொகை, 1881இல் 15,99,595ஆகக் குறைந்தது. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இல்லாமற் போயிற்று. பலர் பசியாலும், பசியைத் தொடர்ந்த வாந்திபேதியாலும் மாண்டனர். ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. அக்காலத்தில் தமிழ் நாட்டினர் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னே நடந்தனர்.

இப்பஞ்சத்தில் அஞ்சியோர் ஏழைகள் மட்டுமல்லர், ஆண்டோரும் அஞ்சினர். வங்காள மாகாண நிர்வாகத்தில் இருந்த சர் ரிச்சர்டு டெம்பிள், 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தாராளமாக வருவித்துத் திரளான உயிர்களைக் காத்தவர். ஆனால் அரசாங்கப் பணத்தை விரயம் செய்தார் என்று அதற்காகவே கடிந்துகொள்ளப்பட்டார். 1877இல் அவரே பஞ்ச ஆணையராகச் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டபோது, நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே போதும் என்று விதித்தார். உயிரைக் காத்ததற்காக ஒருமுறை பழி ஏற்றவர், மறுமுறை பழிக்கு அஞ்சினார் என்று கருத இடமுண்டு. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வளவு உணவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று விடாது வாதாடினார். பின்னர் அந்த அளவு சற்றே உயர்த்தப்பட்டது. மேலிடத்திற்கு அஞ்சாமல் எழுதப்பட்ட ஓர் அலுவலரின் அறிக்கையும் அச்சத்தை வென்ற செயலே என்பதை நாம் மறத்தலாகாது.

இக்காலத்தில் திருச்சபை என்ன செய்தது? சேலத்தில் இலண்டன் மிஷனெரி சங்கத்தின் ஊழியம் 1827இல் தொடங்கியிருந்தபோதிலும், இப்பகுதியில் சீர்திருத்தச் சபை சிறியதாகவே இருந்தது. எனவே மாகாணத்தின் பிற பகுதிகளையும் நாம் நோக்க வேண்டும். மாயூரத்தில் முன்பு முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை, தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார். ஒங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனெரியாகிய ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் பொறுப்பை ஏற்று, பட்டினி கிடந்தோருக்கு வேலையும் கூலியும் அளித்தார். அவர்களில் பலர் ஞானஸ்நானம் கேட்டு வந்தனர். பஞ்சம் நீடித்த காலத்தில் அவர் எவருக்கும் அதனை அளிக்கவில்லை. ஏறத்தாழ 15 மாதங்கள் காத்திருந்து, நிவாரணம் முடிவுற்ற பின்னரும் அவர்கள் வந்து கேட்டபோதே சம்மதித்தார். 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

பசித்தவன் கேட்ட அருட்சாதனத்தைத் தாமதப்படுத்துவது முறையா என்று ஒருவர் வினவலாம். அது நியாயமான வினாவே. எனினும், சோற்றையும் ஞானஸ்நானத்தையும் அவர் வேறு வேறாக வைத்ததன் நோக்கம் தெளிவானது. பிறருடைய அச்சத்தைச் சபையின் வளர்ச்சிக்கு வழியாக்க அவர் விரும்பவில்லை. சபை பெருகாமற் போகுமோ என்னும் தம் அச்சத்தையும் அவர் கர்த்தரிடத்தில் விட்டுவிட்டார்.

இனி சாறிபாத்துக்கு வருவோம். 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தில், எலியா அந்த விதவையிடம் பயப்படாதே என்று கூறியபின், உடனே அடை சுட்டு முதலில் தனக்குக் கொண்டுவரச் சொல்லுகிறான். அச்சம் நீங்கிற்றா என்பதை அவளுடைய உள்ளத்தின் அமைதியைக் கொண்டு தீர்க்கதரிசி அளக்கவில்லை. அவள் மாவைப் பிசைந்தாளா என்பதைக் கொண்டே அளந்தான். யாத்திராகமம் 16இலும் மறுநாளைக்கு அஞ்சிச் சேர்த்து வைத்த மன்னா புழுத்துப்போயிற்று. அச்சம் கையை மூடச் செய்கிறது. விசுவாசம் அதனைத் திறக்கிறது.

ஆயினும், நம்பினோர் பிழைத்தனர், நம்பாதோர் மாண்டனர் என்று பிரசங்கிப்போமானால் அது பொய்யாகும். குடிமதிப்பில் காணாமற்போன அந்த மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் மன்றாடியவர்கள் இல்லையென்று எவர் சொல்லக்கூடும்? ஆபகூக் தீர்க்கதரிசி அத்திமரமும் வயலும் தொழுவமும் வெறுமையாயிருக்கும் நாளையே எதிர்நோக்கிப் பாடினார். அவருடைய நம்பிக்கை விளைச்சலைச் சார்ந்ததன்று.

மற்றொன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. சென்னை இருப்புப்பாதை மொரப்பூர் வழியாகச் சென்றபோதிலும், தருமபுரி அதிலிருந்து ஏறத்தாழ 18 மைல் தொலைவில் இருந்தது. தீவனமின்றி மாடுகளும் மடிந்த காலத்தில் அந்தத் தொலைவும் பெரிது. பின்னர் பஞ்சக் காப்பாக மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை அமைக்கப்பட்டு 1906இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது அகற்றப்பட்டது. எகிப்தில் யோசேப்பு களஞ்சியங்களைக் கட்டியது அவிசுவாசமன்று. அதுபோல், வருங்காலப் பசிக்கு முன்கூட்டியே வழி செய்வதும் கர்த்தரை நம்புவோரின் கடமையே. அந்தக் களஞ்சியங்கள் பஞ்சத்தில் திறக்கப்பட்டன என்பதே அவற்றுக்கும் மன்னாவை மறைத்துவைத்த பாத்திரங்களுக்கும் உள்ள வேறுபாடு.

இன்றும் இம்மாவட்டத்தில் மழை பொய்க்கும் ஆண்டுகள் உண்டு. ஆழ்துளைக் கிணறு வற்றிய விவசாயியும், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் சென்ற மகனின் செய்திக்காகக் காத்திருக்கும் தாயும் நம் ஆராதனைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பயப்படாதிருங்கள் என்று அறிவிக்க நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம். அவ்வாறு அறிவிக்குமுன், அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று விசாரிப்பதும், சபையின் காணிக்கைப் பெட்டியை அவர்களுக்காகத் திறக்க மூப்பர்களை இணங்கச் செய்வதும் போதகரின் பொறுப்பாகும். பெட்டி காலியாகிவிடுமே என்று அங்கே எழும் அச்சத்திற்கும் அதே கட்டளைதான் விடையாகும்.