வங்கதேசத்துப் பொதுக் கிணறுகளும் அவற்றின் நீரடுக்குகளும்

ஒரு பொதுக் கிணற்றின் குணத்தை அதன் வடிகட்டிக் குழாய் பூமிக்குள் எந்த மணலடுக்கில் திறந்திருக்கிறதோ அந்த அடுக்கே தீர்மானிக்கிறது என்பதை நிலத்தடி நீர் சாஸ்திரம் கற்றோர் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் ஊர்ப்பெயரையும் ஆழத்தையும் எழுதியதோடு கிணற்றின் விவரம் முற்றுப்பெற்றுவிட்டதாகக் கருதும் மனப்பான்மை நிர்வாகத்தாரிடம் இன்றும் நிலவுகிறது. அம்மனப்பான்மை எத்துணைப் பாரதூரமானது என்பதற்கு வங்கதேசத்தின் அனுபவத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

குளத்து நீரைப் பருகிய மக்களிடையே வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் பரவியதைத் தடுக்கும் நல்லெண்ணத்துடன், 1970களில் அரசாங்கமும் யுனிசெப் ஸ்தாபனமும் கைப்பம்புக் குழாய்க் கிணறுகளை ஊர்தோறும் பரப்பின. பிற்பாடு குடியானவர்கள் தம் சொந்தச் செலவிலேயே இலட்சக்கணக்கில் அவற்றை இறக்கிக்கொண்டனர். எல்லைக்கு அப்பால் மேற்கு வங்காளத்தில், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டாக்டர் க்ஷிதீஷ் சந்திர சாஹா, 1983-இல் குழாய்க் கிணற்று நீரைப் பருகிய நோயாளிகளின் தோலில் ஆர்சனிக் விஷத்தின் அறிகுறிகளை அடையாளம் கண்டார். 1993-இல் வங்கதேசத்துச் சாப்பாய் நவாப்கஞ்ச் கிணறுகளிலும் அவ்விஷம் புலப்பட்டது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 64 மாவட்டங்களுள் 61-இல் 3,534 கிணறுகளைச் சோதித்து 2001-இல் அறிக்கை வெளியிட்டன. 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுடைய கிணறுகளுள் நூற்றுக்கு 27, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற தேசிய வரம்பை மீறியிருந்தன. அதனினும் ஆழமானவற்றுள் நூற்றுக்கு ஒன்றே மீறியிருந்தது.

இவ்வெண்களிலிருந்து, 150 மீட்டருக்குக் கீழே இறங்கினால் நல்ல நீர் என்ற சுலபமான சூத்திரம் பிறந்தது. அது அநேகம் குடும்பங்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் விஷத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள சம்பந்தம் நேரானதன்று. இரண்டுக்கும் நடுவே அடுக்கின் வயது நிற்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு ஓட, இடையே மேடாக நின்ற பழைய மணல் நெடுங்காலம் மழையில் ஊறி இரும்புத் துருவேறிச் செம்பழுப்பாயிற்று. கடல் மீண்டும் உயரவே, பள்ளத்தாக்குகளைச் சாம்பல்நிறப் புதுமணலும் மக்கிய தாவரப் பொருளும் நிரப்பின. இப்புதுமணலில் தாவரப் பொருளை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் இரும்புத் துருவைக் கரைக்கையில், அதனோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. பழைய செம்மணலிலோ துரு அழியாது நின்று விஷத்தைப் பற்றிக்கொள்கிறது. டாக்கா நகரம் அமைந்துள்ள மதுப்பூர் மேட்டில், களிமண்ணுக்கு அடியிலேயே துப்பி திலா எனப்படும் பழைய மணல் தொடங்கிவிடுவதால், வேறோர் இடத்தில் அபாயகரமான ஆழம் அங்கே க்ஷேமமாகிறது.

அடுக்கை அறிய மகா யந்திரங்கள் வேண்டுவதில்லை. வங்கத்தில் கிணறு இறக்கும் தொழிலாளர் மூங்கில் சாரம் கட்டி, குழாயை நெம்புகோலால் ஏற்றி இறக்க, சாரத்தின்மேல் அமர்ந்த ஒருவர் உள்ளங்கையால் குழாயின் வாயை மூடியும் திறந்தும் சேற்றுநீரை மேலெழச் செய்கிறார். அதனுடன் வெளிவரும் மணலின் நிறம் மாறுவதை முதலில் அறிபவர் அவரே. மட்லப் வட்டாரத்துத் தொழிலாளர் கறுப்பு, வெள்ளை, மங்கல் வெள்ளை, சிவப்பு என்று வகுத்திருந்த நிறங்களை நீர்ச்சோதனையோடு ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், கறுப்பு மணலின் நீரில் ஆர்சனிக் மிகுந்தும் சிவப்பில் மிகக் குறைந்தும் இருப்பதை 2007-இல் எடுத்துக்காட்டினர். இவ்வளவு பெறுமதியான சாட்சியம் வேலை முடிந்ததும் கிணற்றடியில் கொட்டிக் கிடந்து மழையில் கரைந்து போவதும், குழாயின் நீளம் மாத்திரம் ஏட்டில் ஏறுவதும், கைத்தொழிலாளியின் அறிவை அறிவாக மதிக்காத நம் பழைய வியாதியே என்பேன்.

சுமார் 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்துப் பம்புகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசியாயிற்றே, அடுக்கின் விவரம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வர்ணம் சோதித்த தினத்தின் நீரைச் சொல்லும். நீர் வந்த வழியைச் சொல்லாது. ஆழ்குழாய்க் கிணறொன்றில் பின்னாளில் விஷம் தோன்றினால், அடுக்கே கெட்டதா, அல்லது குழாயின் வெளிப்புற இடைவெளி வழியே மேலடுக்கு நீர் கசிந்திறங்கியதா என்பதை மண்ணடுக்குக் குறிப்பில்லாமல் நிர்ணயிக்க முடியாது. முன்னது உண்மையாயின் கிணற்றைக் கைவிடவேண்டும்; பின்னதாயின் இடைவெளியை அடைத்தாலே போதுமானதாகலாம்.

இதனினும் பெரிய சிக்கல் பாசனத்தால் நேர்வது. ஆழத்து நீரைக் குடிநீருக்கு மட்டும் ஒதுக்கி, வயலுக்கு மேலடுக்கிலிருந்தே இறைத்தால், விசாலமான பிரதேசங்களில் ஆழத்து நீர் நெடுங்காலம் தூய்மையாயிருக்கும் என்றும், பாசனப் பம்புகளும் ஆழத்துக்கு இறங்கினால் மேலடுக்கின் விஷம் கீழ்நோக்கி இழுக்கப்படும் என்றும், ஆராய்ச்சியாளர்களான ஹோலி மைக்கேலும் கிளிஃபர்ட் வாஸும் 2008-இல் கணிதமுறையில் காட்டினர். அவ்வேற்பாட்டை அமல் நடத்த முற்படும் அதிகாரிக்கு முதலில் வேண்டுவது, குடிநீர்க் கிணறாயினும் பாசனக் கிணறாயினும், வடிகட்டிக் குழாய் எந்த ஆழத்தில் தொடங்கி எந்த ஆழத்தில் முடிகிறது, அவ்விடத்து மணல் என்ன நிறம் என்னும் குறிப்பே. அது கிணறு இறங்கும் நாளிலேயே, மணல் ஈரமாயிருக்கையிலேயே எழுதப்படவேண்டும்.