தண்ணி போற வழியில நோயும் போகும்: சாத்தனூர் கல்மரத்துல இருந்து நம்ம வீட்டுக் கிணறு வரை

1/ கல்லுக்குள்ள தண்ணி போகுமா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்தவங்களுக்குப் பதில் தெரியும். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. நீளம் சுமார் 18 மீட்டர். டைனோசர் காலத்துல கடல் சேத்துல புதைஞ்ச மரம். சிலிக்கா கரைஞ்ச தண்ணி அதோட நுண்துளைகள்ல ஊறி ஊறிக் கல்லாக்கிடுச்சு.

2/ ஆனா எல்லாக் கல்லும் மண்ணும் ஒரே மாதிரி தண்ணியை விடாது. பெரம்பலூரோட மேற்குல கடும்பாறை. வெடிப்பு இருந்தாத்தான் போர்ல தண்ணி. அரியலூர்ல சுண்ணாம்புக்கல் அதிகம். மழைத்தண்ணி அதைக் கரைச்சு வெடிப்பை அகலமாக்கும். களிமண் மட்டும் லேசுல விடாது.

3/ ஏரி நிக்கிறதே அந்தக் களிமண் தயவுலதான். முதலாம் ராஜேந்திர சோழன் (1014–1044) கங்கைகொண்ட சோழபுரத்துல அமைச்ச சோழகங்கத்தை, நீராலான வெற்றித்தூண்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. இன்னைக்கு அதுதான் பொன்னேரி. கசியுற தரையில அப்படி ஒரு தூண் நிக்காது.

4/ இப்ப என் துறைக்கு வரேன். தண்ணிக்கு வழி விடுற மண், கிருமிக்கும் வழி விடலாம். 1854, லண்டன் பிராட் தெரு. காலராவுல 600 பேருக்கு மேல செத்தாங்க. டாக்டர் ஜான் ஸ்னோ அந்தத் தெரு அடிபம்பைக் கைகாட்டினார். அந்தத் தண்ணி ருசியா இருக்கும்னு தொலைவுல இருந்து ஆள் விட்டு வரவழைச்சுக் குடிச்ச ஒரு அம்மாவும் இறந்தாங்க.

5/ அடுத்த வருஷம் தோண்டிப் பார்த்தாங்க. கிணத்துல இருந்து 3 அடி கூட இல்லாத தூரத்துல ஒரு மலக்குழி. செங்கல் கட்டு இத்துப்போய், கழிவு மண்ணு வழியா கிணத்துக்குப் போயிருக்கு.

6/ நமக்கு என்ன பாடம்? நுண்மணல்ல தண்ணி மெதுவா இறங்கும். கிருமியில நிறைய வழியிலேயே தங்கிடும், செத்துடும். பாறை வெடிப்புல அந்த வடிகட்டல் கிடையாது. கழிவு வேகமா கிணத்தை எட்டிடும். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், உள்ள கிருமி இருக்கும்.

7/ அதனால:
• கழிப்பறைக் குழி, கிணறு/போரை விட்டு முடிஞ்ச அளவு தள்ளி, தாழ்வான பக்கமா இருக்கட்டும்.
• போரைச் சுத்தி சிமெண்ட் மேடை போடுங்க. அழுக்குத்தண்ணி அங்க தேங்கக் கூடாது.
• மழைக்காலத்துல கொதிக்க வைச்சே குடிங்க.
• வயித்துப்போக்கு வந்தா உடனே ஓ.ஆர்.எஸ். ஆரம்பிங்க. குழந்தை சோர்ந்து போனா, கண்ணு குழி விழுந்தா, வீட்டுல வைச்சுப் பார்க்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

கிணறு வெட்டும்போது தண்ணி எங்க இருந்து வரும்னு பார்க்குறோம். கூடவே என்ன வரும்னும் பாருங்க.