பெயரெழுதப் பெறாத முகங்கள்

அயல்நாட்டார் கீழை நாடுகளில் எடுத்த பழைய உருவப்படங்கள் என்றதும் ஜப்பானின் யோகோஹாமா பலர்க்கும் நினைவில் எழும். வெனிஸில் பிறந்த பெலிசே பியாத்தோ 1863இல் அங்குச் சென்று சாமுராய்களையும் மங்கையரையும் படமெடுத்தார். கையால் வண்ணம் தீட்டிய அப்படங்களை மேலைநாட்டுப் பயணிகள் விரும்பி வாங்கினர். அவரே 1858இல் லக்னோவில் கிளர்ச்சியின் அழிவுகளைப் படமாக்கியவர் என்பது நோக்கத்தக்கது.

அக்கிளர்ச்சிக்குப் பின், ஆளப்படும் மக்களை வகை பிரித்து அறியும் வேட்கை ஆங்கில அரசுக்கு மிகுந்தது. 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்னும் படநூல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அதற்குப் படம் அளித்தோருள் ஒருவர் சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர்.

1876இல் தாது வருடப் பஞ்சம் தொடங்கிற்று. கிராமத்தார் உணவு தேடிச் சென்னைக்குத் திரண்டனர். 1877இல் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே போதும் எனக் கூலியைக் குறைத்தார். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுவர்.

ஹூப்பர் இம்மக்களைப் படமெடுத்தார். எலும்பும் தோலுமானோர் வரிசையாக அமர்த்தப்பட்டும் நிறுத்தப்பட்டும் இருப்பதை அப்படங்களில் காண்கிறோம். ஒளிக்கருவியின் முன் அசையாதிருக்க வேண்டிய காலம் அது. நிற்க வலுவற்றோரும் அசையாதிருந்தனர். ஒரு படத்தின் குறிப்பு, அவர்களை இலவச நிவாரணத்திற்குத் தகுதியுடையோர் என்கிறது. தகுதி எழுதப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை.

1886இல் மாண்டலேயில், பர்மியர் சுடப்படும் கணத்தையே அவர் படம்பிடிக்க முனைந்தபோது இங்கிலாந்தில் கண்டனம் எழுந்தது, விசாரணையும் நடந்தது. எனினும் அவர் பஞ்சப் படங்களை வெறும் கொடுமை என நாம் ஒதுக்கிவிடலாகாது. அரசின் அறிக்கைகளில் எண்ணாக மட்டும் நின்றோர்க்கு அவையே முகம் தந்தன. எடுத்தவரின் நோக்கம் எதுவாயினும், இன்று அவை ஆட்சிக்கு எதிரான சாட்சியங்களாகவே நிற்கின்றன.

நம் பென்னலூர், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் பெருவழியை ஒட்டிய ஊர். இன்று இவ்வழியே தொழிற்சாலைக்குச் செல்வோர் கழுத்தில் படமும் பெயரும் தாங்கிய அட்டை தொங்குகிறது. அன்று படத்தில் நின்றோருள் நம் முன்னோரும் இருந்திருக்கலாம். பஞ்சத்தைப் பற்றிப் படிக்கையில் எண்களோடு நின்றுவிடாமல் அம்முகங்களையும் ஒருமுறை நோக்குவோம்.