இருளைப் படமெடுத்தவர்

1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து மாலைகளில் ஹேல்-பாப் வால்மீன் மேற்கு வானில் தாழ நின்றதை வாசகர்களில் பலர் கண்டிருப்பர். அப்போது குருமடத்தில் பயின்றுகொண்டிருந்த நாம், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய புகைப்படக் கருவியை மொட்டைமாடிச் சுவரின்மேல் வைத்து, அதன் கண்ணைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் மூச்சடக்கிக் காத்திருந்தோம். கழுவி வந்த படத்தில் வால்மீன் ஒரு வெண்ணிறத் தீற்றல். விண்மீன்களோ யாவும் கோடுகள். கருவி இம்மியும் அசையவில்லை. அசைந்தது நம்மைச் சுமந்துநின்ற பூமி. நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் அது உருளுகிறது; பத்து நிமிடத்தில் முழுநிலவின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு தூரம் வானம் நகர்ந்துவிடுகிறது. இந்தச் சிறு தோல்வியே, இதே தொல்லையோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டிற்று.

தொல்லைக்கு எளிய மருந்து ஒன்றை முதலிற் காட்டியது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை. 1882இல் பெரும் வால்மீன் ஒன்று தோன்றியபோது, அங்கிருந்த வானாய்வகத்தின் தலைவர் டேவிட் கில், மோபிரே என்னும் ஊரில் படக்கடை வைத்திருந்த அல்லிஸ் என்பவரை அழைத்து, ஆள்முகம் பிடிக்கும் அவருடைய சாதாரணக் கருவியைத் தம் தொலைநோக்கியின்மேல் கட்டிவைத்தார். தொலைநோக்கி கடிகாரப் பொறியின் உதவியால் வானத்தோடு சேர்ந்து திரும்பும். அதன் முதுகில் ஏறிய கருவியும் உடன் திரும்பும். வால்மீன் தெளிவாக விழுந்தது. அதைவிட வியப்பு, அதன் பின்னால் எண்ணற்ற விண்மீன்கள் புள்ளிகளாய்ப் பதிந்திருந்தன. அந்தத் தகடுகளே பின்னர் 1887இல் பாரிசில் கூடிய மாநாட்டிற்கும், வானம் முழுவதையும் படமாக்கும் பன்னாட்டுத் திட்டத்திற்கும் தூண்டுகோலாயின. அத்திட்டத்தில் வத்திக்கான் வானாய்வகமும் பங்குகொண்டதை இங்கே நினைவுகூரலாம்.

நாம் சொல்ல வந்தவர் கில் அல்லர். எட்வர்ட் எமர்சன் பார்னார்ட். 1857 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தவர். பிறக்குமுன்பே தந்தை இறந்துவிட்டார். உள்நாட்டுப் போர் சூறையாடிய நகரில், தாய் மெழுகுப்பூ செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். பள்ளியில் அவர் பயின்றது மொத்தம் இரண்டே மாதம். ஒன்பது வயது நிறையுமுன் ஒரு படக்கடையில் வேலைக்கு விடப்பட்டார். அந்நாளில் படங்களைப் பெரிதாக்க மின்விளக்கு இல்லை. கூரையின்மேல் நிறுத்திய பெரும் பெட்டி ஒன்றின் வழியே சூரிய ஒளியைப் பாய்ச்சுவர். சூரியன் நகர நகர அந்தப் பெட்டியின் சக்கரங்களைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு வந்த பையன்கள் வெயிலில் தூங்கிப்போயினர், இவர் தூங்கவில்லை. வான்பொருள் ஒன்றின் பின்னால் கருவியைத் திருப்பும் தொழிலை, அது வானியல் என்று அறியாமலேயே, அவர் கற்றுக்கொண்டார். அந்தப் பெட்டிக்குக் கடைக்காரர்கள் சூட்டியிருந்த பெயர் ஜூப்பிட்டர், அதாவது வியாழன். பிற்காலத்தில், 1892 செப்டம்பரில், வியாழனின் ஐந்தாம் துணைக்கோளைக் கண்டறிந்தவர் இதே பையன்தான்.

இளமையில் தம் ஆண்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் செலவிட்டு, 380 டாலருக்கு ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். புதிய வால்மீன் ஒன்றுக்கு 200 டாலர் என்று செல்வர் ஒருவர் அறிவித்திருந்த பரிசுகளை வென்று, வீட்டுக் கடனைத் தீர்த்தார். வீட்டிற்கே வால்மீன் இல்லம் என்று பெயர் வந்தது. 1888இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் பணி ஏற்றார்.

அங்கேதான் பழைய படக்கடை மீண்டும் வருகிறது. லிக் வானாய்வகத்தில் அன்று உலகிலேயே பெரிய 36 அங்குல வில்லைத் தொலைநோக்கி இருந்தது. ஆயினும் பெரிய தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு துணுக்கையே காட்டும். பால்வீதியோ அடிவானிலிருந்து அடிவானம்வரை விரிந்து கிடப்பது. சாவித் துளை வழியே பேராலயத்தைக் காண இயலுமா? பார்னார்ட் எடுத்துக்கொண்டது, ஆள்முகம் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட பழைய வில்லை ஒன்று. வில்லார்ட் வில்லை எனப்பட்ட அது ஏறத்தாழ ஆறு அங்குல அகலமும் 31 அங்குலக் குவியத் தூரமும் கொண்டது. சான் பிரான்சிஸ்கோ நகரின் படக்கடை ஒன்றில் பயன்பட்டுத் தேய்ந்த பொருள். அதை மரப்பெட்டியில் பொருத்தி, சிறிய தொலைநோக்கி ஒன்றோடு சேர்த்துக் கட்டினார். 1889ஆம் ஆண்டுக் கோடையில் பால்வீதியின் விண்மீன் மேகங்கள் முதன்முறையாகத் தகட்டில் இறங்கின.

இதை எழுதுவது எளிது. செய்தவர் பாடு வேறு. கடிகாரப் பொறியை நம்பிவிட முடியாது. அது சிறிது முந்தும், சிறிது பிந்தும். ஆகையால் ஒரு விண்மீனைத் தொலைநோக்கியின் குறுக்கு நூல்கள் சந்திக்கும் இடத்தில் நிறுத்தி, அது விலகும் கணமே திருகைத் தொட்டுத் திருத்த வேண்டும். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம், சில இரவுகளில் அதற்கும் மேல். கண்ணை எடுக்கலாகாது. குளிருக்கு அடுப்பு மூட்டலாகாது, சூடான காற்று படத்தைக் கலக்கிவிடும். இப்படித்தான் 1892 அக்டோபரில் புகைப்படத்தாலேயே கண்டறியப்பட்ட முதல் வால்மீன் அவருடைய தகட்டில் சிக்கியது.

1895இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்திற்குச் சென்றார். ஒற்றைக் கருவி இரட்டையானது அங்கே. நியூயார்க் நகரத்துச் செல்வச் சீமாட்டி கேத்தரின் உல்ஃப் புரூஸ் 1897இல் 7,000 டாலர் கொடுத்தார். வில்லை செய்ய ஜான் பிரஷியர் பலமுறை முயல வேண்டியிருந்தது. கருவி முடிந்தது 1904இல். கொடுத்தவர் 1900இலேயே இறந்துபோனார். ஒரே தாங்கியின்மேல் பத்து அங்குல வில்லை ஒன்று, ஆறேகால் அங்குல வில்லை ஒன்று, விண்மீனைப் பின்தொடர ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்று. தாங்கும் தூணையே வளைத்து அமைத்திருந்தனர். அதனால் உச்சியைக் கடக்கும்போது நிறுத்தித் திருப்பாமல், கிழக்கே எழுந்த விண்மீனை மேற்கே சாயும்வரை ஒரே தகட்டில் பின்தொடர முடிந்தது.

ஒரே வானத்திற்கு இரண்டு கருவிகள் எதற்கு? இணைச்சட்ட நூல் அறிந்தோர்க்கு இது புதிரன்று. ஒரு சாட்சியால் வழக்கு நிலைநிற்பதில்லை. தகட்டின் மருந்துப் பூச்சில் தூசியோ குமிழியோ இருந்தால் அது விண்மீன்போலும் மேகம்போலும் தோன்றும். இரு தகடுகளிலும் ஒரே இடத்தில் இருந்தாலன்றி நம்பலாகாது. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் உல்ஃபும், இதே சீமாட்டியின் கொடையால், 16 அங்குல இரட்டையர் இரண்டை ஒரே தாங்கியில் பூட்டினார்.

இந்த எச்சரிக்கை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு நம் வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1906 முதல் 1930 வரை வத்திக்கான் வானாய்வகத்தை நடத்திய இயேசு சபைக் குரு யோகான் ஹாகன் மிகுந்த உழைப்பாளி. அவர் தொலைநோக்கியில் கண்ணால் நோக்கி, வானெங்கும் மங்கிய மேகங்கள் பரவியிருப்பதாக ஆண்டுக்கணக்கில் பட்டியலிட்டார். தகடுகள் அவற்றைக் காட்டவில்லை. வானியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவரது நேர்மையில் ஐயமில்லை. ஆனால் களைத்த கண் எதையும் காணும்.

பார்னார்டின் தகடுகளிலோ வேறொரு வழக்கு எழுந்தது. விண்மீன்கள் மணல்போல் நிறைந்த பரப்பின் நடுவே கன்னங்கரிய கீற்றுகளும் திட்டுகளும். அவை வெற்றிடங்களா, அல்லது எதுவோ மறைத்து நிற்கிறதா? 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் விருச்சிகப் பகுதியில் கண்டதை வானத்தின் துளை என்றே எண்ணினார். பார்னார்டும் நெடுங்காலம் அவ்வழியே நின்றார். அவருடைய படங்களையே பார்த்து, இங்கிலாந்தில் ரன்யார்ட் என்பவர் 1890களில், இவை ஒளியை மறைக்கும் பொருளே என்றார். எண்ணிப் பார்த்தால் அதுவே பொருத்தம். துளை என்றால் அது விண்மீன் கூட்டத்தை முழுதும் ஊடுருவிய நீண்ட குகையாதல் வேண்டும். அந்தக் குகைகள் அனைத்தும் நம் பூமியை நோக்கியே வாய்திறந்திருக்க வேண்டும். ஒன்று இரண்டு தற்செயலாக அமையலாம், நூற்றுக்கணக்கில் அமையுமா? இருந்தும் பார்னார்ட் அவசரப்படவில்லை. 1905இல் ஒன்பது மாதம் வில்சன் மலைக்கு இரட்டைக் கருவியைக் கொண்டுசென்று ஏறத்தாழ 500 தகடுகள் எடுத்த பின்னும், முடிவு சொல்லத் தயங்கினார். இத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று குறைகூறுவார் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தாம் எடுத்த படத்திலிருந்து தாம் விரும்பியதைப் படிக்க மறுப்பது சிறிய காரியமன்று.

1913ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் இரவு. நிலவில்லை, வானம் தெளிந்திருந்தது. பால்வீதியின் தென்பகுதியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, சிறுசிறு மேகங்கள் அதன் குறுக்கே மிதந்து வந்தன. பகலில் வெண்பஞ்சாகத் தோன்றும் அதே மேகங்கள், விண்மீன் ஒளியின்முன் மைத்துளிகளாய்க் கறுத்து நின்றன. தம் தகடுகளில் இத்தனை ஆண்டுகள் கண்ட கருமையின் அச்சு அசலை அவர் தலைக்குமேல் கண்டார். 1916இல் அந்நிகழ்ச்சியைக் கட்டுரையாக எழுதி, தம் பழைய கருத்தைக் கைவிட்டார். 1919இல் 182 கரும்பொருள்களின் பட்டியல் வெளிவந்தது.

பால்வீதிப் படத்தொகுதி ஒன்றைப் பதிப்பிக்கும் பணியும் நடந்தது. அச்சு இயந்திரத்தை அவர் நம்பவில்லை. ஒவ்வொரு படமும் தகட்டிலிருந்து நேரே எடுத்த புகைப்படமாகவே இருக்க வேண்டும் என்றார். 35,700 படங்கள், அத்தனையையும் தாமே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தார். ஆனால் விளக்கவுரையை எழுதி முடிக்கவில்லை. 1923 பிப்ரவரி 6ஆம் நாள் இறந்தார். 1905 முதல் அவரிடம் உதவியாளராயிருந்த மேரி கால்வெர்ட், அவர் மனைவியின் உடன்பிறந்தார் மகள், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை எடுத்து, படங்களுக்கு வரைபடம் வரைந்து, கரும்பொருள்களுக்கு எண் இட்டார். வானாய்வக இயக்குநர் எட்வின் ஃபிராஸ்ட் உடன் நின்றார். 1927இல் நூல் வெளிவந்தபோது பட்டியல் 349ஆக வளர்ந்திருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1930இல், விண்மீன்களிடையே தூசி பரவி ஒளியை மங்கச் செய்கிறது என்பதை ராபர்ட் டிரம்ப்ளர் அளந்து காட்டினார். அந்தத் தூசியும் வாயுவும் செறிந்த கருமையில்தான் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன என்பது அதற்குப் பிறகு தெரியவந்த செய்தி. பி என்ற எழுத்தோடு பார்னார்டின் எண்களையே வானியலார் இன்றும் வழங்குகின்றனர்.