30 அடி குழாயும் ஒரு பென்னி காசும்

தெருவுல கேஸ் குழாய் போகுது. உங்க வீடு அதுலேர்ந்து பத்து எட்டு தள்ளி இருக்கு. அந்தப் பத்து எட்டுக்குக் காசு யார் தலையில? லண்டனுக்கு கேஸ் வந்த கதையைப் படிச்சுக்கிட்டே போனா, சுத்திச் சுத்தி இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிக்குதுங்க.

முன்கதை சுருக்கமா: 1807ல பால் மால் தெருவுல கேஸ் விளக்கு எரிஞ்சுது. 1812ல முதல் கம்பெனி வந்துச்சு. (இப்ப நாம சிலிண்டர்ல வாங்குற கேஸ் இல்ல, நிலக்கரியைக் காத்துப் படாம சுட்டு எடுக்குற கேஸ்.) கடை, தியேட்டர், பணக்காரங்க வீடு, இவங்கதான் ஆரம்ப கால வாடிக்கையாளர்கள்.

1871ல ஒரு சட்டம் போட்டாங்க. மெயின் குழாய்லேர்ந்து 25 கெஜத்துக்குள்ள இருக்கிறவர் கேட்டா, கம்பெனி கேஸ் குடுத்தே ஆகணும். அதுல முதல் 30 அடி குழாய் கம்பெனி செலவு. அதுக்கு மேல போற நீளமும், உங்க மனைக்குள்ள வர்ற குழாயும் உங்க செலவு. எனக்கு ஆச்சரியம் என்னன்னா, பிற்பாடு எல்லாத்தையும் மீட்டர் கணக்குக்கு மாத்தினப்பவும் இது போகல. 25 கெஜம் 23 மீட்டர் ஆச்சு, 30 அடி 10 மீட்டர் ஆச்சு, அவ்வளவுதான்!

சரி, 30 அடி இலவசம். வாரவாடகைக்குக் குடியிருக்கிற தொழிலாளிக்கு அதனால என்ன லாபம்? வீட்டுக்குள்ள குழாய் போடணும், விளக்கு வாங்கணும், அடுப்பு வாங்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா பில் வந்தா அவரு எங்க போவாரு?

இதுக்கு வழி சொன்னது ஒரு மெஷின். பர்மிங்காம்காரர் பிரவுன்ஹில் 1887ல காப்புரிமை வாங்கின காசு போடுற மீட்டர். ஒரு பென்னியைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினா, அந்தக் காசுக்கு உண்டான கேஸ் வரும், அப்புறம் நின்னுடும். தென் லண்டன்ல இருந்த சவுத் மெட்ரோபாலிட்டன் கம்பெனி 1892ல இதைக் கையில எடுத்துச்சு. குழாய், விளக்கு, சின்ன அடுப்பு எல்லாத்தையும் கம்பெனியே மாட்டிக் குடுத்துச்சு. கனெக்ஷனுக்குன்னு கையில காசு கேட்கல.

தர்மமான்னு கேட்டா, கிடையாது. அந்தக் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் லிவ்ஸி, 1889ல ஆரம்பிச்ச வேலைநிறுத்தத்தை ரெண்டே மாசத்துல உடைச்ச ஆளு. மின்சார விளக்கு வேற போட்டிக்கு வந்துக்கிட்டு இருந்த நேரம். சமையலுக்கும் கேஸை வித்தாத்தான் பிழைப்பு. குழாய், அடுப்பு செலவை எல்லாம் ஒவ்வொரு பென்னியிலயும் சேர்த்துட்டாங்க. அதாவது பென்னி போடுறவருக்கு, பில் கட்டுற பணக்காரரை விடக் குறைச்சலான கேஸ். கனெக்ஷன் செலவு எங்கயும் போயிடல, பொடிப்பொடியா வசூலாச்சு.

இருந்தாலும் ஜனங்க விரும்பி வாங்கினாங்க. காலைல ஒரு டீ போடக் கரி அடுப்பைப் பத்தவெச்சுப் புகையில உட்கார்ந்தவங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

காசு எடுக்க ஆள் வர்றதுதான் வேடிக்கை. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி, எடை ரெண்டேகால் கிலோ! பெட்டியைத் திறந்து சமையலறை மேஜையில கொட்டி, அடுக்கடுக்கா வெச்சு எண்ணுவாரு. கணக்குக்கு மேல இருக்கிறதை, பிற்காலத்துல, வீட்டம்மா கையிலயே திருப்பிக் குடுத்துட்டுப் போறதும் உண்டு. கூடுதலா வாங்கின சொந்தக் காசுதான். ஆனா அன்னிக்கு அந்த வீட்டுல அது வரவு :-)