ரங்கூன் பணம்

இராமநாதபுரம் சீமை வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கப்பலேற வேண்டியதுதான். 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. செட்டியார்கள் அங்கே லேவாதேவிக்குப் போனார்கள். அவர்களுடைய கிட்டங்கிகளில் கணக்கெழுதவும் சமைக்கவும் எங்கள் பக்கத்து ஆட்கள் பின்னாலேயே போனார்கள். 1880-ல் தபாலாபீசில் மணியார்டர் ஏற்பட்டது. சரித்திரப் புத்தகங்கள் இவ்வளவோடு நின்றுவிடும். பணம் வந்து இறங்கிய வீட்டுக்குள் அவை நுழைவதில்லை.

என் அப்பத்தாவின் தகப்பனார் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் சமையல்காரர். மாதந்தோறும் பணம் வருமாம்.

"பணம் வர ஆரம்பித்ததும் உன் ஆத்தா நிழலில் உட்கார்ந்துவிட்டாளாக்கும்?" என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன். அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உட்கார்ந்தாளா? போடா! கூலிக்குக் களையெடுக்கப் போறதை விட்டா, அவ்வளவுதான். ரங்கூன்காரர் பெண்டாட்டி ஊரான் வயலிலே குனிஞ்சா அவருக்கில்லே தலைகுனிவு!"

கூலி நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. உழவுக்கு ஆள் பிடிப்பது, கண்மாய்த் தண்ணீருக்கு முறை கேட்டுச் சண்டை போடுவது, எருமை, படுத்த படுக்கையான மாமியார், மூன்று குழந்தைகள் - புருஷன் பார்த்த வேலையும் அவள் தலையில்தான். நேற்றுவரை அவளோடு வரிசையில் நின்று களையெடுத்தவளுக்கு இன்று அவளே கூலி அளக்க வேண்டும். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும்; இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

வெளியூர்ப் பணம் வரும் வீடுகளில் பெண்கள் கூலி வேலையை விட்டுவிடுகிறார்கள் என்று பொருளாதார நிபுணர்கள் பல தேசங்களில் கண்டு எழுதியிருக்கிறார்கள். மெய்தான். ஆனால் கூலியில்லாத வேலைக்குக் கணக்கில் பத்தி கிடையாது. அந்தக் கணக்கில் என் அப்பத்தாவின் தாயார் சும்மா இருந்தவள்.

1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்.

அந்தப் பங்குனியில் அவள் விடியுமுன் எழுந்து, இரண்டு மைல் தள்ளி, தன்னைத் தெரியாத ஊருக்குக் கூலிக்கு மிளகாய்ப் பழம் எடுக்கப் போனாள். இது ஒன்பது வயது மகளுக்கு மட்டுமே தெரியும்.

ஆனியில் அவர் எலும்பும் தோலுமாய் வந்து சேர்ந்தார். சோறு போட்ட கையைப் பார்த்து, "என்ன இப்படி வெந்திருக்கு?" என்றாராம்.

"நம்ம வயல் மிளகாய்தான்" என்றாளாம் அவள்.

அந்த வருஷம் எங்கள் வயலில் மிளகாயே போடவில்லை.